மருதாளக்காவின் பதிமூன்றாவது பனியன்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் மருதாளக்கா ஆறு வருடமாகக் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து அடுக்கிக் கொடுப்பதுதான் அந்த வேலை. மிஷினில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. டெய்லர் டீக்கடைக்குப் போகும் நேரத்தில் கழிவுத் துணியில் தைத்துப் பழகுவார். எதிரே செக்கிங் மேசையில் இருந்த எனக்கு மட்டும் அது தெரியும். நான் வாய் திறக்க மாட்டேன் என்பது அக்காவுக்குத் தெரியும்.

எண்பத்தொன்பதில் முதலாளி கிட்டுசாமி புது ரகத்துக்குப் பேர் தேடினார். சந்தோஷத்திலேயே பெரிய சந்தோஷமாக இருக்க வேண்டுமாம். யாரோ ஒரு புலவரைப் பார்த்து ‘பரவசம்’ என்று வாங்கி வந்தார். சிவப்பு எழுத்தில் லேபிள் வந்து இறங்கியது. கூடப் போயிருந்த கட்டிங் மாஸ்டர் லிங்கசாமி எங்களுக்கு அர்த்தம் சொன்னார்.

“வடமொழிச் சொல்லாமா. பரன்னா மத்தது, வசம்னா பிடி. நம்ம பிடியில நாம இல்லாம, வேறொண்ணோட பிடிக்குப் போயிர்றது.”

“அதுக்கு எங்க சேவூர்ல பேய் புடிக்கறதுன்னு பேருங்க” என்றார் அக்கா. “வேப்பங்கொழையில அடிச்சு எறக்குவாங்க. அதைப் போயி பனியன் கழுத்துல வெச்சுத் தெக்கறீங்களே!”

“சந்தோசத்துலயும் அப்படி ஆகும் புள்ள.”

“எனக்கெல்லாம் ஆகாதுங்க. கையும் காலும் எங்கிட்டயே இருக்கும்.”

லோடு கிளம்ப வேண்டிய நாளில், லேபிள் தைக்கும் நஞ்சப்பன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அக்கா நேராக முதலாளி முன்னால் போய் நின்றார்.

“நான் தெக்கறனுங்க.”

“ஒரு டஜன் தெச்சுக் காட்டு. கோணுச்சுன்னா கைமடிக்கே போயிரோணும். அப்பறம் மிஷின்னு வாயெடுக்கக் கூடாது.”

தைத்த ஒவ்வொன்றும் என் மேசைக்கு வந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் நேர். எல்லோர் முன்னாலும் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு, “சரியா இருக்குதுங்க” என்று சத்தமாகவே சொன்னேன்.

“லேபிள் மிஷின் இனி உன்றது. நஞ்சப்பனை ஓவர்லாக் மிஷினுக்கு மாத்திக்கறேன்” என்றார் முதலாளி.

அக்காவின் கால் பெடலை விடவில்லை. பதிமூன்றாவதையும் ஓட்டிவிட்டு, முதலாளியைக் கும்பிட எழுந்தார். பனியனும் கூடவே எழுந்தது. முந்தானையையும் சேர்த்து லேபிளைத் தைத்திருந்தார்.

லிங்கசாமி சிரித்த சிரிப்பில் கத்தரி கீழே விழுந்தது. “யாராச்சும் வேப்பங்கொழை கொண்டாங்கப்பா!”

முதலாளி மீசையைத் தடவி உதட்டை மறைத்துக்கொண்டார். “டஜனுக்குத்தான பேச்சு? நாளைக்கு முந்தானையைச் சொருகிட்டு வந்து உக்காரு.”

மறுநாளும் அதே சேலைதான். பனியனை வெட்டி எடுத்திருந்தார். இடுப்பில் சொருகிய முந்தானையில் லேபிள் மட்டும் அப்படியே இருந்தது.

“ஏன் மருதா, இன்னமும் எறங்கலையா?” என்றார் லிங்கசாமி.

“இருக்கட்டும் விடுங்க. சாயங்காலமா எறக்கிக்கலாம்” என்று பெடலை மிதித்தார் அக்கா.