பல்பீர் பேசிய தமிழ்

தேங்காய்ப்பட்டணத்தில் கிரேசியின் அலமாரியில் பன்னிரண்டு பொன்னாடைகள் மடித்து வைத்தபடி இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் கொடிநாளுக்கு அவளை நாகர்கோவிலுக்குக் கூப்பிடுவார்கள். "வீரமரணம் அடைந்த ததேயுஸ் அவர்களின் மனைவி" என்று மைக்கில் வாசிப்பார்கள். அவள் மேடையேறிக் கும்பிட்டு, வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பென்ஷன் தவறாமல் வருகிறது. படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்த தையல் மிஷினில்தான் தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். மகள் பெபிஷாவின் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு.

ஆனால் மேடையில் அவர்கள் சொல்லும் அந்த வீரர் யாரென்றுதான் அவளுக்குப் பிடிபடுவதில்லை. அவளுக்குத் தெரிந்த ததேயுஸ் பூனையைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன். சாளை மீனை முள்ளோடு மென்று தின்கிறவன். வள்ளத்தில் ஏறினாலே குடல் புரட்டிக்கொண்டு வரும். அண்ணன் தம்பிகளின் கேலி பொறுக்காமல் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தான். பீரங்கிப் படையில் பதினோரு வருஷம் இருந்தான். லடாக்கில் ஒரு பிப்ரவரியில் பனி சரிந்து மூடியது. அப்போது பெபிஷாவுக்கு நாலு வயது.

அவன் முகம் போட்டோவில் இருந்தது. சட்டையும் பெட்டியும் ஜெபமாலையும் வந்து சேர்ந்தன. குரல் மட்டும் எதிலும் இல்லை. மலையிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை போனில் ஐந்து நிமிஷம் பேசுவான். அதைப் பிடித்து வைக்க வேண்டுமென்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது? முதல் இரண்டு வருஷம் அது காதிலேயே இருந்தது. அப்புறம் வார்த்தைகள் மட்டும் தங்கின, சத்தம் போய்விட்டது. தைத்துக்கொண்டிருக்கும்போதே மிஷினை நிறுத்தி, அவன் எப்படிச் சொல்வான் என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். அவள் குரலாகத்தான் கேட்கும்.

சென்ற ஆகஸ்டில் கோட்டாற்றிலிருந்து பெனிட்டோ போன் செய்தார். ரிட்டயர்டு சுபேதார். பட்டாளத்துக்காரர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதையே வேலையாக வைத்திருப்பவர்.

"மக்கா கிரேசி, ததேயுஸுக்க ரெஜிமெண்டிலயிருந்து ஒரு ஆளு வாறான். எறந்துபோனவங்களுக்க வீட்டுக்குப் போயி கொறை கேக்கியதுக்கு அனுப்பியிருக்காங்க. நாளைக்கு வீட்டில இருப்பியா?"

மறுநாள் பெனிட்டோவுடன் வந்தவர் நெடுநெடுவென்று உயரமாக இருந்தார். இமாசலக்காரர், ஹவில்தார், பெயர் பல்பீர். ததேயுஸோடு ஒரே பீரங்கியில் வேலை பார்த்தவர். வாசலில் நின்று கிரேசிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

"ஏட்டி, தின்னியா?"

பெபிஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன இது? அம்மைய ஏட்டின்னு விளிக்கியாரு!"

பெனிட்டோ தலையில் கைவைத்தார். இந்தியில் ஏதோ கடிந்து சொன்னார். பல்பீர் கூனிக் குறுகிப் போனார்.

"அவன் மேல குத்தமில்ல, மக்கா. பொண்டாட்டிய விளிக்கியத, பொம்பளைகள மரியாதையா விளிக்கிய சொல்லுன்னு நெனச்சிட்டான். ததேயுஸு போனில பேசிக் கேட்டுப் படிச்சதாம். ஆறு மாசம் ஒரே கூடாரத்தில கெடந்திருக்கானுவ."

கிரேசிக்கு அந்தச் சொல் அல்ல காரியம். 'தின்னியா'வின் கடைசியை இழுத்து, மேலே தூக்கி, சட்டென்று விட்ட விதம். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அவளை அப்படிக் கேட்டிருக்கிறான்.

"வழக்குப் பேசாதீங்க அண்ணே. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லச் சொல்லுங்க."

பல்பீர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"கடலு எப்பிடிக் கெடக்கு? இஞ்ச பயங்கரக் குளிரு, கேட்டியா. மரச்சீனிக் கெழங்கு தின்னக் கொதியா இருக்கு. பிள்ளை உறங்கியாச்சா?"

"உறங்கியாச்சு" என்று கிரேசியின் வாய் தானாகச் சொல்லிற்று.

பெபிஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் குரல் அவளுக்கு நினைவே கிடையாது.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு, அதற்கு மட்டும் அர்த்தம் தெரியவில்லை என்றார் பல்பீர். போனை வைத்த பிறகு ததேயுஸ் தலையில் தட்டிக்கொண்டு சொல்வதாம்.

"ச்சே, சொல்ல வந்தத விட்டுட்டேனே."

பெனிட்டோ அதன் அர்த்தத்தை இந்தியில் சொன்னார். பல்பீர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லா தடவையுமா?" என்றாள் கிரேசி.

பெனிட்டோ கேட்டுச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும்னு சொல்லுகான்."

அப்புறம் வந்த வேலையைப் பார்த்தார்கள். பட்டாள ரிக்கார்டில் பெபிஷா 'பெபிசா' என்றிருந்தது. காலேஜ் உதவித்தொகைக்கு அது இடிக்கும். பழைய படிவத்தின் நகலைப் பல்பீர் எடுத்துக் காட்டினார். ததேயுஸே கைப்பட எழுதிக் கொடுத்த தப்புதான். தானே பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லி, பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டார். மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டார். முள்ளுக்குப் பயந்து மீனைத் தொடவில்லை. கிளம்பும்போது மறுபடி சல்யூட் அடித்தார்.

"சரி, வைக்கட்டா?"

ததேயுஸ் போனை வைக்குமுன் கேட்பது அது; விடைபெறுவது இப்படித்தான் என்று நினைத்திருந்தார் போல.

"வையுங்க" என்றாள் கிரேசி.

திருத்திய கடிதம் அக்டோபரில் வந்தது. நன்றி சொல்வதற்காகத்தான் பல்பீருக்குப் போன் செய்தாள். நம்பரை அழுத்திய பிறகுதான் நடுவில் பெனிட்டோ இல்லை என்பது உறைத்தது. அவளுக்கு இந்தி தெரியாது. அவருக்கு இருப்பதோ அந்தச் சில வாக்கியங்கள்தான். பெயரைச் சொன்னாள். பிறகு பல்பீர் கேட்டார்:

"தின்னியா?"

"தின்னேன். நீங்க தின்னீங்களா?"

"கடலு எப்பிடிக் கெடக்கு?"

கிரேசி போனோடு வாசலுக்கு வந்தாள். மழைக்கடல், பொங்கிக் கிடந்தது. நாலு நாளாக ஒரு வள்ளமும் இறங்கவில்லை என்றாள். பெபிஷா நர்ஸிங் படிக்கப் போவதாகப் பிடிவாதமாக நிற்கிறாள் என்றாள். முழங்கால் வலி, தைக்கும்போது பெடலை மிதிக்க முடியவில்லை என்றாள். பன்னிரண்டு வருஷத்துச் சங்கதிகள், முன்னும் பின்னுமாக வந்துகொண்டே இருந்தன. அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினார்.

அவள் ஓய்ந்ததும், "வைக்கட்டா?" என்றார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் கிரேசி. சொல்ல வந்ததை விட்டுவிட்டுத்தானே ததேயுஸ் ஒவ்வொரு தடவையும் போனை வைத்தான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவர் வைக்காமல் காத்திருந்தார்.