களத்துக்குள் பூட்ஸ் கால்

திருத்துறைப்பூண்டி இலவச முகாமில் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் காலைத் தாங்கும் காலிப்பர் கம்பியும் பூட்ஸும் மாட்டினார்கள். பூட்ஸின் புதுத் தோல் வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

போலியோவில் சூம்பிய என் காலுக்குத் தர்ம ஆஸ்பத்திரியில் கம்பியும் பூட்ஸும் பொருத்தி, நடக்கப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். அது இல்லாமல் நிற்க முடியாது. நெல் கிடக்கும் களத்திலோ யாரும் செருப்போடு மிதிப்பதில்லை. பிள்ளைகளெல்லாம் உள்ளே ஓடியாட, நான் ஓரத்தில் நின்றேன்.

"லட்சுமி கிடக்குற இடம். செருப்போட எப்படிம்மா?" என்றார் மாமா.

அம்மா சொம்புத் தண்ணீரை எடுத்து, கால் கழுவுவதுபோல் என் பூட்ஸைக் கழுவினாள். "இது செருப்பு இல்லண்ணே. அவ காலு."

மாமா யோசித்தார். "காலுன்னா வேலை செய்யணும். வந்து சிந்துன நெல்லக் கூட்டுடி" என்று விளக்குமாற்றை நீட்டினார்.

களம் முழுவதையும் நான்தான் கூட்டினேன். கேட்டவர் யாருக்கும் விளக்குமாற்றைக் கொடுக்கவில்லை.

இங்கே முகாமில் இந்தச் சிறுமியும், பிடிக்கப்போன அவள் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு நடக்கிறாள்.