திறந்து பார்த்தால்தான் விலை

பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று கேட்டால் யாரும் தொகை சொல்லவில்லை. புதுச்சேரியில் ஒருவர் சிரித்தார். சென்னையில் ஒருவர் வண்டியின் வயதைக் கேட்டுவிட்டு, போனை வேறு யாரிடமோ கொடுத்தார். அந்த வேறு யாரோ, "வித்துடுங்க சார்" என்றார். விழுப்புரம் பட்டறைக்காரர் ஒருவர்தான் கேள்வியை மதித்தார்.

"தொறந்து பாத்தாதான் சார் சொல்ல முடியும். ஒண்ணரையிலயும் முடியும், ரெண்டரையிலயும் முடியும்."

லட்சம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவே இல்லை.

"தொறந்து பாத்துட்டு வேணாம்னு தோணிச்சின்னா?"

"கோணியில மூட்டை கட்டிக் குடுத்துடுவேன். தொறந்த கூலிய மட்டும் குடுத்துட்டுப் போய்க்கினே இருங்க."

ஒரு பொருளின் விலையைத் தெரிந்துகொள்வதற்கே அதை உடைத்தாக வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. வேறு எதெல்லாம் இப்படி என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். தேங்காய், தர்ப்பூசணி என்று தொடங்கி, விக்கிரவாண்டி வருவதற்குள் மனிதர்களிடம் வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் இதே வியாதி. வீட்டில் கேட்டால் என்ன தொகை சொல்வது என்று யோசித்திருக்க வேண்டும்.

கார் எங்களுடையதுதான், ஆனால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். இரண்டே கதவு. கூரை என் நெஞ்சுக்குக் கீழேயே முடிந்துவிடும். ஜப்பானிலிருந்து எப்போதோ கப்பலில் வந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய ஒரு பெரியவரிடம் இருந்து, அவர் மகளோடு பாரிசுக்குப் போகும்போது எங்களிடம் வந்தது. ஸ்போர்ட்ஸ் கார், ஆனால் ஆட்டோமேட்டிக். கியர் போடும் சுகம் இல்லாத ஸ்போர்ட்ஸ் காரை எந்தப் பையனும் வாங்க மாட்டான் என்பதால் எங்கள் கைக்கு எட்டியது.

ஓட்டுவது என் மனைவி. விழுப்புரத்தில் தாவரவியல் ஆசிரியை. ஒரு விபத்துக்குப் பிறகு அவளுடைய இடது முழங்கால் மடங்குவதில்லை. நடக்கும், நிற்கும், படி ஏறும், மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால்தான் ஆட்டோமேட்டிக். கார் வருவதற்கு முன் பஸ்தான். பஸ்ஸில் அந்தக் கால் நடக்கிற வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதைத் தாண்ட வேண்டும். காலை மடக்கச் சொல்வார்கள். முடியாது என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் கதை சொல்ல வேண்டும். கார் வந்த பிறகு அந்தக் கதை நின்றது. எந்த வேடிக்கையும் இல்லாத ஒரு சாதாரண ஆளாக அவள் தினமும் வேலைக்குப் போய்த் திரும்பினாள்.

கார் நின்றால் கதை மறுபடி தொடங்கிவிடும். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அது நின்றது ஒரு பிற்பகலில், விழுப்புரத்திலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தபோது, கூட்டேரிப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில். இன்ஜினில் ஒரு பெல்ட் அறுந்துவிட்டது. அவ்வளவுதான், சின்ன விஷயம். மயிலம் பக்கத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு வந்த டிராக்டர்க்காரர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். எங்கள் இருவரையும்விட மூத்தவர், தலையில் துண்டு.

"இன்னா தங்கச்சி, மக்கர் பண்ணுதா?"

"நின்னுடுச்சிண்ணா. மெக்கானிக்குக்குப் போன் பண்ணியிருக்கோம்."

"அவன் வர்றதுக்குள்ள வெயில்ல கருவாடாப் பூடுவீங்க. கயிறு கீது. நியூட்ரல்ல போட்டுக்கினு ஸ்டீரிங்க மட்டும் புடிச்சிக்கோ. ஜல்தியா வூட்ல வுட்டுர்றேன்."

என்னைப் பார்த்து, "சார் நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"சும்மா உக்காந்துக்கினு வருவாரு" என்றாள் என் மனைவி.

இன்ஜின் ஓடாத வண்டியில் ஸ்டீரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். அவள் பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். முன்னால் டிராக்டர் புகையும், அதற்கும் முன்னால் பாட்டுச் சத்தமுமாகத் திண்டிவனம் வரை ஊர்வலமாக வந்தோம். அவர் தன் வழியை விட்டுவிட்டு எங்களுக்காக வந்தவர். பணம் நீட்டியபோது கோபித்துக்கொண்டார். ஒரு டீ குடித்தார். கயிற்றை அவிழ்த்து எங்கள் டிக்கியில் போட்டவர் அதை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

பெல்ட் மாற்றியாயிற்று. இன்ஜின் ஓடியது. ஆனால் கியரை நகர்த்தினால் வண்டி கொஞ்சம் யோசித்தது, பிறகு முதுகில் ஒரு உதை விட்டது. இரண்டாவது கியர் விழ வேண்டிய இடத்தில் இன்ஜின் மட்டும் கத்தியது. வண்டி நகரவில்லை. லாரியில் ஏற்றி, நான் விசாரித்துவிட்டு வந்த அந்த விழுப்புரம் பட்டறைக்கே கொண்டுபோனோம். பட்டறைக்காரர் ஆயில் குச்சியை உருவி மூக்கருகில் பிடித்தார்.

"மோந்து பாருங்க."

வாணலியில் கவனிக்காமல் விட்ட மல்லாட்டைத் தோல் போல ஒரு கருகல் நெடி.

டிக்கியைத் திறந்தவர் கயிற்றைப் பார்த்துவிட்டார். "யார்னா கட்டி இழுத்தாங்களா?"

சொன்னோம்.

"ஐயோ. இன்ஜின் ஓடினாதான் சார் உள்ள பம்ப்பு சுத்தும். பம்ப்பு சுத்தினாதான் ஆயில் போவும். நீங்க நியூட்ரல்ல போட்டுட்டீங்க, சரி. பின் சக்கரம் சுத்தும்போது உள்ள பாதி சாமானும் கூடவே சுத்திக்கினு இருக்கும், ஒரு சொட்டு ஆயில் இல்லாம." கயிற்றைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இது ரெண்டு லட்ச ரூவா கயிறு சார். பத்திரமா வச்சிக்கோங்க."

என் மனைவி சிரிக்கவில்லை. "அந்த அண்ணன்கிட்ட இத யாரும் சொல்லக் கூடாது" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அவர் யார் என்று பட்டறைக்காரருக்குத் தெரியாது, எனக்கும் பேர் தெரியாது.

வீட்டுக்கு அவள் தம்பி வந்தான். கணக்கில் கெட்டிக்காரன்.

"மாமா, அந்தக் காச முன்பணமாக் கட்டினா புது ஆட்டோமேட்டிக் வாசல்ல நிக்கும். கேமரா, கேரண்டி, எல்லாம். இது இன்னா, பல்லி மாதிரி தரையோட ஒட்டிக்கினு."

"பல்லின்னா உனக்கு பயம்டா. அதான் இது உனக்கு ஆவல" என்றாள் அவன் அக்கா.

ஆனால் அவன் சொன்னது நியாயம்தான். சரிசெய்கிற செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் நாங்கள் இந்தக் காரை வாங்கிய விலையே வந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் விழுப்புரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். சின்னக் கார், வெள்ளை, சூடான பிளாஸ்டிக் வாசனை. விற்பனைப் பையன் கதவைத் திறந்து பிடித்தான். என் மனைவி ஏறினாள். இடது காலை உள்ளே கொண்டுவர அவள் பட்ட பாட்டை நான் வெளியிலிருந்து பார்த்தேன். உயரமான இருக்கை. நாற்காலியில் உட்காருகிற மாதிரி முழங்காலை மடித்து உட்கார வேண்டிய இடம். அவளுடைய கால் நேராக நீண்டு, பாதம் எங்கேயோ மூலையில் இடித்து, முழங்கால் ஸ்டீரிங்கின் அடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"சீட்ட இன்னும் பின்னால தள்ளுப்பா."

"அவ்ளோதான் மேடம் போவும். ஆனா நல்லா ஹைட்டா உக்காரலாம். ரோடு முழுக்கத் தெரியும்."

"ரோடு எனக்கு ஏற்கெனவே தெரியும். காலுக்கு எடம் எங்க?"

அவன் காரின் விலைப் பட்டியலை நீட்டினான், பாவம்.

அவள் இறங்கிய பிறகு நான் ஏறி, இடது காலைக் கட்டையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். தம்பி பார்வையைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நிமிடம் தாங்கவில்லை. அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போய், நின்றுகொண்டிருந்த எங்கள் பல்லிக்குள் அதே காலோடு உட்கார்ந்தேன். நீளமான கதவு, கால் மடங்காமலே உள்ளே வந்தது. இருக்கை தரையோடு, கால் நீட்டிப் படுக்கிற மாதிரி. முன்னால் ஆழமான குழி. வேகத்துக்காக ஓட்டுகிறவனைக் கீழே கிடத்தி வைத்த வண்டி அது. எங்கோ ஒரு தீவில் யாரோ காற்றை ஏமாற்றப் போட்ட கோட்டுக்குள் என் மனைவியின் முழங்கால் அச்சாகப் பொருந்தியிருந்தது. இந்தக் கார் அவளுக்கு ஒத்துவரக் கிளட்ச் இல்லாததுதான் காரணம் என்று இத்தனை வருடம் நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம்.

"உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தினம் உக்கார்றவளுக்குத் தெரியாதா?"

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. எல்லாத்தையும் கேக்கறீங்க, இத மட்டும் கேக்கல." பிறகு பட்டறைக்காரரைப் பார்த்து, "தொறந்துடுங்கண்ணா" என்றாள்.

திறக்கிற அன்று நானும் போய் நின்றேன். யாருக்கோ எப்போதோ நடந்த காதணி விழாவின் பழைய பிளெக்ஸ் பேனரைத் தரையில் விரித்து, கழற்றக் கழற்ற அதன்மேல் வரிசையாக வைத்தார். தாய்மாமன்களின் கும்பிட்ட கைகள்மேல் பல்சக்கரங்கள். அவருக்கு என்னைவிட அதிக ஆவல்.

"உண்மைய சொல்றேன் சார், இந்த மாடல நானே இப்பதான் மொத தடவ தொறக்கறேன். கூலியில பாதிய உங்களுக்கு நான் குடுக்கணும்."

"குடுங்களேன்."

"பேச்சுக்கு சொன்னா புடிச்சிக்கறீங்களே!"

அவர் போனில் வெளிநாட்டுக்காரர் யாரோ பிரிக்கிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, பார்த்து, ஒன்றைக் கழற்றி, மறுபடி ஓடவிட்டார். இரும்பு வளையம், அடுத்து பழுப்பு வளையம், அடுத்து இரும்பு என்று அடுக்கடுக்காக வந்தன. பழுப்பு வளையத்தின் மேல் ஒட்டியிருந்தது என்ன என்று கேட்டேன்.

"பேப்பரு."

"காகிதமா?"

"காகிதம் மாதிரி ஒண்ணு. ஆயில்ல ஊறிக்கினு இருக்கும். அதுதான் இன்ஜினோட இழுவையப் புடிச்சி சக்கரத்துக்குக் குடுக்குது."

எழுதுகிறவன் நான், ஆயுசு முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கு நிற்கிறவன். அது ஒரு காரை இழுக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் காகிதம் கருகியிருந்தது. விரலால் தொட்டேன், பொடியாக வந்தது. பக்கத்தில் பலாப்பழம் அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை கிடந்தது. அதற்குள் இரண்டு விசிறிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்குமாம். ஒன்று சுற்றினால் ஆயில் சுழன்று மற்றதையும் சுற்ற வைக்குமாம். நடுவில் தொடுதல் கிடையாது. சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கும்போது இன்ஜின் அணையாமல் இருப்பது அதனால்தான். ஒன்று சுற்றுகிறது, மற்றது பொறுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த உருண்டையைச் சென்னைக்கு அனுப்பி, லேத்தில் அறுத்து, கழுவி, மறுபடி பற்றவைக்க வேண்டும். வளையங்களும் ரப்பர் சீல்களும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுங்க வரியோடு. தண்டைத் தாங்கும் புஷ்களில் தேய்ந்துபோன இரண்டுக்குப் பதில் புதிது கடைந்து போட வேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டே கால்" என்றார். "பாதி கயிறு பண்ண வேல, பாதி வயசு. கயிறு இல்லைன்னாலும் இன்னும் கொஞ்ச நாள்ல இங்கதான் வந்து நின்னிருக்கும்."

என் மனைவி தன் சேமநிதியில் கடன் போட்டாள். தம்பி ஒரு வாரம் பேசவில்லை.

சாமான் வரும்வரை மறுபடி பஸ். சில நாட்கள் நானும் கூடப் போனேன். ஒருநாள் கூடையோடு ஏறிய அம்மாள் ஒருத்தி அந்தக் காலைத் தாண்டும்போது தடுமாறி, "காலு இன்னா ஆச்சி?" என்றாள்.

"மாடு முட்டிடுச்சிமா" என்றாள் என் மனைவி.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சலனமே இல்லை. அந்த அம்மாள் விக்கிரவாண்டி வரை மாடுகளைத் திட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் கேட்ட கல்லூரிப் பையனிடம், பாராசூட்டில் குதித்தபோது ஆனது என்றாள். அவன் நம்பினான். கண்டக்டருக்குத் தென்னைமரம் சொன்னாள்.

"ஏன் இப்படி?" என்றேன், இறங்கியதும்.

"உண்மையவே எத்தினி வாட்டி சொல்றது? அலுத்துப்போச்சிங்க. அதுக்கு வலிக்குது வேற."

வலித்தது முழங்காலா, உண்மையா என்று கேட்க வாயெடுத்து, முதல் தடவையாகக் கேட்காமல் விட்டேன்.

வண்டி தயாரான பிறகு ஒரு காலையில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து விழுப்புரம் போனோம். கூட்டேரிப்பட்டு டீக்கடையருகே அந்த டிராக்டர் நின்றது. அவரே நின்றார். எங்கள் பல்லியை அடையாளம் கண்டு, ரோட்டுக்கே வந்து கையாட்டினார். அவள் ஓரங்கட்டினாள்.

"ஓடுதா தங்கச்சி! இன்னா ரிப்பேரு?"

எனக்கு மாடும் பாராசூட்டும் தென்னைமரமும் ஞாபகம் வந்தன.

"பெல்ட்டுதாண்ணா. சின்ன வேல."

"அதான் நான் அன்னிக்கே நெனச்சேன்! இதுக்குப் போயி மெக்கானிக்கு, அவன் இவன்னு. நூறு எரநூறு ஆயிருக்குமா?"

"அவ்ளோதாண்ணா."

நான் இறங்கி டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்துவந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, தானே கொண்டுபோய் டிக்கியில் போட்டு மூடினார்.

"வண்டியிலயே கெடக்கட்டும் சார். பழைய வண்டி. மறுபடி நின்னா ஒரு போன் போடுங்க, நானே வந்து இழுத்துக்கினு போறேன்." போன் நம்பரையும் சொன்னார். என் மனைவி அதைப் போனில் குறித்துக்கொண்டாள். அவர் பேர் அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பினோம். அவள் கால் முன்னால் நீண்டு, நிம்மதியாகக் கிடந்தது. கியர் மாறுவதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்த ரெண்டே கால் எந்த இடத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆசை. ஒன்றிலிருந்து இரண்டு விழும்போது ஒரு துடிப்பு, ஒரு மூச்சு, ஏதாவது இருக்குமே.

"ரெண்டு விழுந்துடுச்சா?" என்றேன்.

"எப்பவோ" என்றாள். விக்கிரவாண்டி டோல்கேட் தெரிந்தது.