மாரீஸ் கண்டக்டரின் முன்பல்

போன வாரம் விருதுநகரில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கூட வந்தவர் மாரீஸ்வரன். நான் தினமும் வேலைக்குப் போகிற தனியார் பஸ்ஸின் கண்டக்டர். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்க இவருக்கு என்ன வேணும் மேடம்?” என்று கேட்டாள்.

என்ன சொல்வது? அக்கா இல்லை, அத்தை இல்லை...

“இவரு பல்லு உடைஞ்சதே என்னாலதாம்மா” என்றேன்.

அந்தப் பெண் ஒரு கணம் என் கையைப் பார்த்தாள். அடிதடி எதுவும் இல்லை, நம்புங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள் நான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால், காலண்டர் சீசன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. விஸ்வநத்தம், நாரணாபுரம் பக்கம் பட்டாசு கம்பெனிக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் பையுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நானோ, இறங்க நேரமாகிவிடுமோ என்று முன்கூட்டியே பின்பக்கப் படிக்கட்டு வரைக்கும் நகர்ந்துவிட்டேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையில்? வேறென்ன... செல்போன்தான்!

ஒரு நாய் குறுக்கே வந்திருக்கிறது. டிரைவர் பிரேக் போட்டு வண்டியை ஒடித்தார். நான் அப்படியே வாசல் பக்கம் சரிந்தேன். கீழே தார்ரோடு ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் யாரோ என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். மாரீஸ்! இழுத்த வேகத்தில் அவருடைய முகம் படிக்கட்டுக் கம்பியில் போய் மோதியது. பல்லிடுக்கில் விசில் வேறு. மேல்வரிசை முன்பல்லில் பாதி போய்விட்டது.

வாயில் ரத்தத்தோடு அவர் கேட்டது, “அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

பெண்கள் பஸ்ஸின் தரை முழுக்க அந்தத் துண்டைத் தேடினார்கள். ஹேர்பின் கிடைத்தது, பட்டன் கிடைத்தது. பல் கிடைக்கவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். வலி இல்லை என்று தட்டிக் கழித்தார். அடுத்த நாள் பஸ்ஸில் ஏறியதும்தான் புரிந்தது. பாட்டுப் பாடுகிற மாதிரி ஊர்ப் பெயர் சொல்கிற மனிதர், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ‘திருத்தங்கல்’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்... நாக்கு எத்தனை முறை பல்லைத் தேடுகிறது? அவருக்கு அந்த இடத்தில் காற்றுதான் வந்தது. கல்லூரிப் பையன்கள் யாரோ சிரித்திருக்கிறார்கள். அதோடு பேச்சே நின்றுபோனது. கம்பெனிப் பெண்கள் வழக்கம்போல வம்புக்கு இழுத்தும் பதில் இல்லை.

சும்மா இருக்க முடியுமா? என்னால் முடியவில்லை. வீட்டுக்கு முழுசாகத் திரும்பிப் போய், என் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

கேட்டுக் கேட்டுத்தான் காரணத்தைச் சொன்னார். பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். ஒட்டு வைத்தால் ஒரே மாசத்தில் சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும் என்று இன்னொருவர். அது விழ விழ மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பதைவிட இப்படியே இருந்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். அவருடைய வார லீவு நாளில் விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். உதட்டுக்குள் துண்டு ஏதாவது புதைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். நரம்பு தப்பித்துவிட்டது, பிடுங்கத் தேவையில்லை, பல்லின் நிறத்திலேயே இருக்கிற காம்போசிட் என்ற பசையை வைத்துப் பல்லைக் கட்டிவிடலாம் என்றார். மாரீஸ் கேட்டது ஒரே கேள்விதான்.

“எம்புட்டு நாளைக்குத் தாங்கும் டாக்டரம்மா?”

டாக்டர் மழுப்பவில்லை. “இது இரும்பு இல்லண்ணே. ஆனா நல்லா வச்சுக்கிட்டா பல வருஷம் ஓடும். வைக்கும்போது ஒரு சொட்டு எச்சி பட்டாலும் பிடிப்பு போயிரும். அதனால நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறந்துட்டு ஆடாம இருக்கணும். அது ஒங்க வேலை. மத்தது என் வேலை.”

ஒரு கண்டக்டரிடம் பேசாமல் இருக்கச் சொல்வது லேசான காரியமா? ஆனால் இருந்தார். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பல்லின் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்தார் டாக்டர். சுற்றிலும் ஈரம் வராமல் ரப்பர் ஷீட் மாட்டி, ஒரு ஜெல் தடவி, கழுவிக் காயவைத்து, பிறகு ஒட்டுமருந்து. அதன் மேல் காம்போசிட்டை மெல்லிசாக ஒரு பூச்சு வைப்பார், நீல விளக்கைக் காட்டுவார், அது இறுகும். மறுபடி ஒரு பூச்சு. மொத்தமாக அப்பினால் உள்ளே சரியாக இறுகாதாம், சீக்கிரம் விட்டுவிடுமாம். வெளியே பேஷன்ட்கள் காத்திருந்தார்கள். அந்தப் பெண் அவசரப்படவே இல்லை.

கண்ணாடியைக் கொடுத்ததும் மாரீஸ் வெகுநேரம் பார்த்தார். எது பல், எது ஒட்டு என்று தெரியவில்லை. பிறகு மெதுவாக, “திருத்தங்கல்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விசிலைப் பல்லால் கடிக்கக் கூடாது, உதட்டால் பிடிக்க வேண்டும். சேவு, முறுக்கு எல்லாம் கடைவாய்க்கு. சோடா மூடியைப் பல்லால் திறக்கவே கூடாது — இதுதான் டாக்டர் போட்ட கண்டிஷன். அப்படியே கொஞ்சம் சில்லு போனாலும், அந்த இடத்தில் மட்டும் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று தைரியமும் சொன்னார். மாரீஸ் ஒன்றையும் மீறவில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிக்கொண்டே, தீபாவளி சீசன் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, அந்த அரைப்பல் அவருடனேயே ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் போனது அதன் செக்-அப்புக்குத்தான். ஓரத்தில் லேசாக டீக்கறை. அவ்வளவுதான். பாலிஷ் போட்டுவிட்டு, “அப்படியே கெட்டியா இருக்கு” என்றார் டாக்டர். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்... தன் கைவேலையை இத்தனை வருஷம் கழித்து நல்லபடியாகப் பார்க்கிற சந்தோஷம்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். மாரீஸ் நகரவில்லை.

“டாக்டரம்மா, அக்காவையும் ஒருவாட்டி பாத்துருங்க. பஸ்ல கடலை மிட்டாய் திங்கும்போது ஒரு பக்கமாத்தான் மெல்லுதாக. வலிக்குதுபோல.”

என் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நானே கூட ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேர் ஏறி இறங்குகிற பஸ்ஸில் இந்த மனிதர் பார்த்திருக்கிறார்.

கடைவாய்ப் பல்லில் ஓட்டை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நரம்பைத் தொட்டிருக்குமாம். ஊசி போட்டு, சுத்தம் செய்து, எனக்கும் காம்போசிட் வைத்தார். முடிந்து வெளியே வந்தால், மாரீஸ் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்றைக்கு லீவு. எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கலாம்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. உதடும் நாக்கும் மரத்துப்போயிருந்தன. எப்படியோ குழறிக் குழறி, “தேங்க்ஸ் மாரீஸ்” என்றேன்.

“தேங்காயாக்கா? போற வழியில வாங்கிக்கிடலாம்” என்றார்.

நல்ல முற்றல் தேங்காய். சட்னிக்குப் பிரமாதமாக இருந்தது.