ஒண்ணும் இல்ல, டாக்டர்

அந்த டாக்டருக்குக் காபியில் ருசி போக வேண்டும் என்று நான் நெடுநாள் வேண்டிக்கொண்டிருந்தேன். டம்ளரின் சூடு கைக்குத் தெரிய வேண்டும், தொண்டையில் இறங்குவதும் தெரிய வேண்டும், நாக்குக்கு மட்டும் ஒன்றும் எட்டக் கூடாது. அவர் பதறிப்போய் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, இந்த வயதில் காபி என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்க வேண்டும். லேக் மார்க்கெட் பக்கம் காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனை வந்தாலே எனக்கு இந்த வேண்டுதல் ஞாபகம் வந்துவிடும்.

அவருடைய கிளினிக் அங்கேதான், மார்க்கெட்டுக்கு அடுத்த தெருவில். மனநல டாக்டர், இந்த வங்காளி ஊரில் நம் தமிழ்க்காரர், நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அப்பா இறந்துபோன வருஷம், அலிப்பூரில் இருக்கும் என் ஆபீஸுக்கு பஸ்ஸில் போகும்போது மூச்சு முட்டி, நெஞ்சு அடித்துக்கொண்டு, பாதி வழியில் இறங்கிவிடுவேன். தமிழில் அழலாமே என்றுதான் அவரிடம் போனேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது, அதை நான் மறைக்க மாட்டேன். பஸ்ஸில் ஏறினேன், தூங்கினேன், அப்பா படத்துக்கு அழாமல் பூ வைத்தேன்.

கூடவே இன்னொன்றும் நின்றுபோனது. கணவர் தொட்டால் தொடுகிறார் என்று தெரியும், அவ்வளவுதான். கை மரத்துப்போனால் நம் கையையே யாருடையதோ மாதிரி பார்ப்போமே, அப்படி. மாத்திரை சாப்பிடும்போது சிலருக்கு இப்படி இருக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். மாதங்கள் போயின. சரியாகவில்லை.

மறுபடி அவரிடம் போனேன். என் தமிழ் வீட்டுத் தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வங்காளியும் ஆங்கிலமும். கறிகாய்க்கும் பண்டிகைக்கும் சண்டைக்கும் என் தமிழில் வார்த்தை உண்டு, படுக்கையறைக்குக் கிடையாது. அங்கே எல்லாமே "அது"தான். இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல, டாக்டர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வெரி குட். அதான் வேணும்" என்று தலையை ஆட்டிக்கொண்டே அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார். நான் வாசலில் வந்து நின்றபோதுதான் என்ன நடந்தது என்று எனக்கே புரிந்தது. எனக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்லப் போனவள், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த முறை விடவில்லை. வங்காளியும் ஆங்கிலமும் கலந்து, கூசிக்கூசி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "நாப்பதைத் தாண்டியாச்சு. இந்த வயசுல அது என்னம்மா அவ்வளவு முக்கியம்? உங்க ஆத்துக்காரரை வரச்சொல்லுங்கோ, நான் பேசறேன்" என்றார். பேசினார். என்னை வெளியில் உட்கார வைத்துவிட்டுப் பேசினார். மாத்திரை எப்போதோ உடம்பை விட்டுப் போயிருக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உங்கள் மனைவிக்கு உங்கள் மேல் ஒட்டுதல் குறைந்திருக்கலாம், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள் என்றாராம்.

என் கணவர் மெதுவாகக்கூடக் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து டாக்குரியாவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியபடியே, "என்னைப் பிடிக்கலைன்னா நீயே சொல்லியிருக்கலாம். ஒரு டாக்டர் வாயால கேக்க வெச்சிருக்க வேண்டாம்" என்றார். அன்றைக்கே அவர் தலையணை ஹாலுக்குப் போய்விட்டது. கேட்டால் அறையில் காற்று வரவில்லை என்பார். எனக்குப் பிடித்த மனிதர் அவர். உடம்பு ஊமையாகிப்போன ஒருத்தி அதை எதைக்கொண்டு நிரூபிப்பாள்? எனக்கு அந்த டாக்டர் மேல் கொலைவெறி வந்தது அப்போதுதான். என் உடம்பில் மாத்திரை தொடாமல் விட்டது கோபம் ஒன்றைத்தான் போலிருக்கிறது.

அதற்கப்புறம் நான் ஏறாத படி இல்லை. ஒரு வங்காளி லேடி டாக்டர் ரத்தம் எடுத்து, தைராய்டு, ஹார்மோன் எல்லாம் பார்த்து, எதிலும் கோளாறில்லை என்றார். ஆனால் காது கொடுத்துக் கேட்டார். இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு, இதுதான் மருந்து என்று உறுதியாகச் சொல்ல இன்னும் எதுவும் இல்லை, சிலருக்குத் தானாக மெல்லத் திரும்புகிறது, சிலருக்கு இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த அறையில் எனக்கு அழுகை வந்தது. அவர் அனுப்பிய இன்னொரு மனநல டாக்டர் வேறு மாதிரி வேலை செய்யும் மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். தூக்கம்தான் போனது, அவரே நிறுத்தச் சொல்லிவிட்டார். இடுப்புத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணால் முதுகுவலி குறைந்தது. பௌதி என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி மன்னி கையைப் பிடித்து இழுத்துப்போன ஹோமியோபதிக்காரர், எனக்கு உப்புப் பிடிக்குமா, பாம்பு கனவில் வருமா என்று விசாரித்துவிட்டு வெள்ளை உருண்டைகள் கொடுத்தார். இனிப்பாக இருந்தன. தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் செய்ய முடியும் என்றார். என் கணவர் ஒருமுறை வந்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு வரவில்லை. எனக்குப் பிடிப்பில்லை என்று நம்புகிற மனிதருக்கு எந்த வைத்தியத்தில் அக்கறை வரும்?

எனக்கு முதலில் வேண்டியது மருந்தில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். சொன்ன வாயாலேயே அந்தக் காபி டாக்டர் அதை மாற்றிச் சொல்ல வேண்டும், அதுவும் என் கணவர் காதுபட.

போன குளிர்காலத்தில் அதற்கு வகையாகச் சந்தர்ப்பம் கிடைத்தது. லேக் மார்க்கெட் பக்கத்து ஹாலில் நம்மவர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனநலம் பற்றி அவர் பேச்சு, பிறகு கேள்விகள், பிறகு காபி. கணவரை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். இட்லி இருக்கிறது என்று ஆசை காட்டினேன். டாக்டர் அழகாகப் பேசினார். மனதைத் திறந்து பேசுங்கள் என்று பலமுறை சொன்னார். கேள்வி நேரம் வந்ததும் எழுந்து நின்றேன். வார்த்தை இல்லாத குறைக்கு நான் வழி கண்டுபிடித்திருந்தேன்.

ஒரு மாத்திரை சாப்பிட்டதிலிருந்து உங்களுக்குக் காபி ருசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நிறுத்தின பிறகும் ருசி வரவில்லை. டாக்டரிடம் போனால், இந்த வயதில் காபி எதற்கு என்கிறார். உனக்குக் காபி போடுகிறவரையே பிடிக்கவில்லை என்கிறார். அப்படி ஆகுமா, ஆகாதா? அவர் சிரிப்பு நின்றது. என் முகம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"தனியா வாங்கோம்மா, பேசலாம்" என்றார்.

"தனியாத்தான் வந்தேன். நான் காபியைப் பத்திக் கேக்கலை, ஆம்படையான் பொண்டாட்டி விஷயத்தைக் கேக்கறேன். மாத்திரையை நிறுத்தினப்புறமும் அந்த உணர்ச்சி திரும்பாம போறது உண்டா, இல்லையா?"

முன்வரிசையில் ஒரு மாமி தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கு என்னைப் பற்றி லேக் மார்க்கெட் முழுக்கப் பேசும் என்று தெரியும். பேசட்டும் என்று நின்றேன், உட்காரவில்லை. டாக்டர் தண்ணீர் குடித்தார். "உண்டு" என்றார் கடைசியில். "அபூர்வம். ஆனா உண்டு. அதுக்கும் மனசுல பிடிப்பு இருக்கு, இல்லைங்கறதுக்கும் சம்பந்தமில்லை. மாத்திரையை யாரும் பயந்துபோய் சட்டுனு நிறுத்திடப் படாது, ஆனா முன்னாடியே சொல்லணும். சொல்லியிருக்கணும்." நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் என் கணவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே காபி கொடுத்தார்கள். டம்ளரும் கையுமாக டாக்டர் எங்களைத் தேடி வந்தார். கூட்டத்தில் மானம் போன மனிதர், அதைத் துடைத்துவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "என் மேல ஏதாவது கோவமாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல, டாக்டர்" என்றேன்.

அவர் தலை பழைய பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. என் கணவர் குறுக்கே வந்து நின்றார். "அவ ஒண்ணும் இல்லன்னு சொன்னா, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல டாக்டர்" என்றார். "எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

என் உடம்புக்கு இன்னும் எதுவும் திரும்பவில்லை. கவுன்சிலரிடம் இப்போது இரண்டு பேரும் போகிறோம், தலையணை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்த டாக்டர் காபியை ஒரு வாய் குடித்தார், குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆறிப்போயிருக்க வேண்டும். எனக்கு அதில் இன்றுவரை பரம திருப்தி.