பச்சைக் கல்லும் பூசாரி ரெங்கசாமியும்

இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த காலம் அது. அங்கே மாரியம்மன் கோயில் பூசாரி ரெங்கசாமி. வார நாளில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். வெள்ளிக்கிழமை குளித்து மணி அடிப்பார். அதிகம் பேசாத மனிதர். எனக்கோ வாய் நீளம்.

1911 ஆடி மாதம், கொழுந்து பறிக்கிற அங்கம்மா ஓடைச் சரளையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தாள். கொய்யாப் பிஞ்சு நிறத்தில் நல்ல பச்சை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதற்கு நேர்த்திக்கடனாக அம்மனுக்குக் கொடுத்தாள். கோயில் முற்றத்து வெயிலில் அதை வாங்கி என் கையால்தான் பூசாரியிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலைப் பூசை. கருவறைக்குச் சன்னல் கிடையாது, எண்ணெய் விளக்கு மட்டுந்தான். அம்மன் நெற்றியில் சந்தனத்தில் பதித்திருந்த கல், சிவப்பு!

கருவறைக்குள் பூசாரியைத் தவிர யாரும் போவதில்லை. பிறகென்ன விசாரணை?

"யோவ் பூசாரி, அம்மன் கல்லையே மாத்திப்புட்டியா?" என்று கத்தினேன்.

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து அவர் சத்தியம் செய்தார். நான் மசியவில்லை. அவரைக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு அனுப்பச் சொல்லி வெள்ளைக்காரத் தொரையிடம் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டேன். களவுபோன கல் எவ்வளவு பெறும் என்று கேட்க, பசறையிலிருந்து மாணிக்க வியாபாரி நிஸாமையும் வரவழைத்தேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் நிஸாம் வந்தார். பூசாரி எடுத்துக் கொடுத்த சிவப்புக் கல்லை வாசலுக்குக் கொண்டு போனார். வெயில் பட்டதும் அது பச்சையாகியது. விளக்கருகே கொண்டுவந்தார், மறுபடி சிவப்பு. கண்ணாடியா அசலா என்று பார்க்க, ஒரு வெள்ளைப் படிகக்கல் துண்டில் அதை வைத்து இழுத்தார். படிகத்தில்தான் கீறல் விழுந்தது.

"இது வைடூரியத்துக்குக் கூடப்பொறந்தது. பகல்ல பச்சை, வெளக்குல செவப்பு. மலை கரைஞ்சு சரளையில வந்து சேரும். ஆயிரத்துல ஒண்ணு கெடைக்காது. யாரும் மாத்தல கணக்கப்பிள்ளை."

பெரிலியமும் அலுமினியமும் சேர்ந்த ஒக்சைட்டு, துளி குரோமியம் கலந்ததால் அந்த நிறமாற்றம் என்று வெகு காலத்துக்குப் பின் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வெட்கம் ஒன்றுதான்.

எல்லோர் முன்னாலும் பூசாரியைக் கும்பிட்டேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, சத்தியம் பண்ணினேனே தவிர, எனக்கே என் மேல நம்பிக்கை விட்டுப்போச்சுங்க. புத்தி பெரண்டு நான்தான் ஏதாச்சும் பண்ணிப்புட்டேனோன்னு மூணு நாளா சோறு எறங்கல. அவரைக் கூட்டியாந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்."

என்னை மன்னித்ததற்கு நன்றி சொல்ல வேண்டியவன் நான். அதை அவர் எனக்குச் சொன்னார்.