என் பெயரில் திறந்த தண்ணீர்

காகிதத்தை ஒழிக்கும் விழாவுக்கு எங்கள் கம்பெனி கெட்டி அட்டையில் அழைப்பிதழ் அச்சடித்திருந்தது. ஓரத்தில் பச்சை இலை, நடுவில் கம்ப்யூட்டர். அடியில் 'வெளிப்படை, பொறுப்பு, பசுமை' என்ற வாசகம். அதை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

மறைமலை நகரில், காருக்குள் போகும் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசி அனுப்பும் தொழிற்சாலை அது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். சென்னைக்குத் தெற்கே எல்லாரும் எதையாவது எலெக்ட்ரானிக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் தராசுகூட எண்களைச் சிவப்பாகக் காட்ட ஆரம்பித்திருந்தது. எடை மட்டும் பழைய எடைதான்.

நான் நிர்வாகப் பிரிவில் அதிகாரி. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கேன்டீன் சாம்பாரில் கரப்பான் விழுந்தால், அது எப்படி விழுந்தது, இனி எப்படி விழாது என்று இரண்டு பத்தி எழுதுவது என் வேலை. ரயிலில் புத்தகம் படிக்கிறவன் என்பதால் எனக்கு மூளை இருப்பதாக ஒரு வதந்தியும் உலவியது.

நான் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவன் என் நண்பன். சுற்றுச்சூழல் பிரிவு அவனிடம் இருந்தது. முலாம் தொட்டிகளிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்தம் செய்து, சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் வெளியே விடுவது அவன் பொறுப்பு. இருவரும் தாம்பரத்தில் ஒரே ரயிலில் ஏறுவோம். ஒருவர் டிபன் பாக்ஸை இன்னொருவர் திறப்போம். கிறிஸ்துமஸ் கேக்கில் என் மனைவி முதல் துண்டை அவனுக்கு எடுத்து வைத்த பிறகுதான் எனக்கே தருவாள்.

காகிதப் பதிவேடுகளுக்குப் பதிலாகப் புதிய சாஃப்ட்வேரை வாங்கிய பெரியவர்கள், அதை இயக்க ஆளுக்கொரு லைசென்ஸ் வேண்டும் என்பதைக் கடைசியில்தான் கவனித்தார்கள். விலை கேட்டதும் பசுமை கொஞ்சம் வாடியது. எங்கள் கட்டடத்துக்கு ஒன்றே ஒன்று போதும் என்று முடிவானது.

"உங்க பேர்லயே போட்டுக்கலாம் சார்," என்றார் மேனேஜர். "நீங்க ஒருத்தர்தான் மேனுவலைப் படிப்பீங்க."

நான் பூரித்துப் போனேன். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் யார் எதைச் செய்தாலும் கம்ப்யூட்டரில் அது நான் செய்ததாக ஏறியது. காலையில் அமில பீப்பாய் இறக்கியது நான். மத்தியானம் தொட்டி கழுவியது நான். ராத்திரி ஷிப்டில் மோட்டார் பழுது பார்த்ததும் நான்தான். நிஜத்தில் எனக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லி அந்த இயந்திரம் பிடிவாதம் பிடிக்கும். எல்லாருக்கும் நினைவிருக்க வேண்டுமே என்று குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயராக வைத்தேன். முதலில் மகள், அப்புறம் மனைவி, அப்புறம் மாமியார். ஸ்டோர்காரர் ஒருநாள் ஸ்டோரிலிருந்தே கத்தினார்.

"இன்னா சார் இது, அண்ணி பேரப் போட்டா தொறக்கவே மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது!"

"அண்ணி போன மாசம்யா. இது மாமியார் மாசம்."

"அதான் இம்மாம் மெதுவா தொறக்குதா!"

மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. "உங்க மாமியார் பேரைத் தட்டித் தட்டி, வீட்ல என் பொண்டாட்டியையே அப்படிக் கூப்பிட்டுட்டேன் சார்," என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிச் சிரித்தார்.

இதில் தண்ணீர் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு ஷிப்டிலும் கழிவுநீரைச் சோதித்த அளவை உள்ளே ஏற்றி, 'விடலாம்' என்று ஒப்புதல் தரவேண்டும். நேரத்துக்குத் தராவிட்டால் நகரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத் திரையில் எங்கள் தொழிற்சாலை சிவப்பாகிவிடும். உடனே போன் வரும். போனில் வருகிறவர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஏன் சிவப்பு என்று மட்டும் கேட்பார். அந்தப் போனுக்குப் பயந்து, சோதிக்கும் முன்னாலேயே ஒப்புதலைப் போட்டுவிடும் பழக்கம் வந்தது. பிறகு சாவகாசமாகச் சோதிப்பது. அதற்கும் பிறகு, சாவகாசம் கிடைத்தால் சோதிப்பது. முந்தின ஷிப்டின் அளவே அடுத்த ஷிப்டுக்கும் பொருந்தியது. காய்ச்சல் பார்க்காமலே டாக்டர் டெம்பரேச்சர் எழுதுகிற மாதிரி.

"முதல்ல அங்க பச்சையாக்கிடணும் மச்சான்," என்பான் நண்பன். "மத்ததை நான் பார்த்துக்கறேன்." தண்ணீர் அவன் துறை. பார்த்துக்கொள்கிறான் என்றுதான் நானும் நம்பினேன். சிவப்பே ஆகாத தொழிற்சாலை என்று அந்த வருஷம் எங்களுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மூலம் ஆபரேஷன். தாம்பரத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் குப்புறப் படுத்துக்கிடந்தேன். இலக்கிய ஆர்வம் உள்ளவன் இதைவிட கம்பீரமான வியாதியாகப் பார்த்து வரவழைத்திருக்கலாம். நண்பன் சாத்துக்குடியோடு வந்தான். நலம் விசாரித்தான். என் மனைவியைப் பிளாஸ்க்கில் காபி வாங்கி வர அனுப்பிவிட்டு என் காதருகே குனிந்தான்.

"மச்சான், பாஸ்வேர்டு முடிஞ்சிடுச்சு. காலையிலேர்ந்து சிவப்பு. புதுசா என்ன வைக்கலாம்?"

"டாக்டர் பேரை வெச்சுத் தொலை," என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரித்தால் வலித்தது. அங்கேயே நின்று தொழிற்சாலைக்கு போன் போட்டு, டாக்டர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சாத்துக்குடியும் உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

நான் படுத்திருந்த அந்த நாட்களில், தொழிற்சாலையின் பின்சுவருக்கு அப்பால் கீரை பயிரிடும் ஒரு அக்காவின் கிணறு மஞ்சளாகிப் போனது. அவர் இரண்டு தடவை வந்து செக்யூரிட்டியிடம் முறையிட்டுப் பயனில்லாமல், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் காரில் வந்து இறங்கிய நாளாகப் பார்த்து, ஒரு குடம் தண்ணீரை காருக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"பச்சைக் கம்பெனின்னு போர்டு மாட்டிக்கினு கீறீங்களே, தண்ணி மட்டும் ஏன் சார் மஞ்சளா கீது? தொரைங்கள ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லு!"

துரைகள் குடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, யார் பொறுப்பு என்று கேட்டு அனுப்பினார்கள். அப்படி ஒரு கேள்விக்கு எங்கள் கம்பெனியில் அதுவரை பதில் கிடைத்ததே இல்லை. இந்தத் தடவை கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டது: நான்.

விசாரணைக்கு உத்தரவு வந்தது. குற்றம் நிரூபணமானால் டிஸ்மிஸ். ஆனால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கிணறு கெட்ட நாட்களில் நான் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தேன் அல்லவா? கடவுள் எனக்கு எதற்காக மூலத்தைக் கொடுத்தார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ரயிலில் நண்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தானே வந்து கேட்டேன்? அதை அப்படியே நாளைக்குச் சொல்லிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது மச்சான். நான் இருக்கேன்."

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார்கள். முதலில் மேனேஜர்.

"இவர் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். இன்னொருத்தர் பாஸ்வேர்டைத் தெரிஞ்சுக்கறது எங்க கம்பெனி கொள்கைக்கே விரோதம்."

என் மாமியார் பெயரைத் தன் வீட்டில் உளறிய மனிதர், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொன்னார். அடுத்து ஸ்டோர்காரர். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு கம்ப்யூட்டரே தெரியாது சார். நான் பாட்டுக்கு சாமானை எண்ணிக்கினு இருப்பேன்," என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நண்பன். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேன் சார். நலம் விசாரிக்க."

"வேலை சம்பந்தமா ஏதாவது பேசினீங்களா?"

"இல்ல சார். அவர் வலியில இருந்தார். பேசுற நிலைமையில இல்ல."

இத்தனை வருஷத்தில் அவன் என்னை 'அவர்' என்றது அதுதான் முதல் தடவை. எனக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே மோசமானது அது.

வக்கீல் என் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் சொல்லி யாரையாவது ஒப்புதல் போடச் சொல்லியிருக்கலாமே, பாஸ்வேர்டைக் கொடுத்தது நீங்களாகத்தானே இருக்க முடியும் என்றார். நான் நம்பியிருந்த ஆபரேஷன் எனக்கே எதிர்சாட்சியாகிவிட்டது. இருந்ததை இருந்தபடி சொன்னேன். டாக்டர் பெயர், மாமியார் மாதம், ஒற்றை லைசென்ஸ், எல்லாம். அந்த அறையில் அதைச் சொல்லும்போது எனக்கே கட்டுக்கதை மாதிரிதான் கேட்டது. இதற்கு யாராவது சாட்சி உண்டா என்றார். நான் நண்பனைப் பார்த்தேன். அவன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

டிஸ்மிஸ் செய்யவில்லை. நானாக ராஜினாமா கொடுத்தால் நடத்தைச் சான்றிதழ் நல்லபடியாகத் தருவோம் என்றார்கள். கொடுத்தேன். கீரைக்கார அக்காவுக்கு, வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வந்து போகும்வரை லாரியில் தண்ணீர் போனதாகக் கேள்வி. ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்கிவிட்டார்களாம். பசுமை வளர்ச்சிக்கு என்று தனித்துறை ஆரம்பித்து, என் நண்பனைத் தலைவனாக்கினார்கள்.

ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தன் மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை வருவதைப் பற்றிப் பேசினான். விசாரணையில் என்ன பேசவேண்டும் என்று மேனேஜர் முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்ததை சுற்றி வளைத்துச் சொன்னான். "உனக்கென்னடா, எழுதறவன். எங்க போனாலும் பிழைச்சுக்குவே," என்றான். எங்கே போவது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஆனாலும் வேலையைக்கூட நான் மறந்துவிடத் தயாராக இருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு.

"அதெல்லாம் இருக்கட்டும். இங்க வக்கீல் இல்ல, மேனேஜர் இல்ல. அன்னிக்கு நீ வந்து பாஸ்வேர்டு கேட்டியா, இல்லையா? எனக்கு மட்டும் சொல்லு."

அவன் என்னை நேராகப் பார்த்தான்.

"எதைக் கேட்டேன்?" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. விசாரணை அறையில் இருந்த அதே முகம். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நடக்காமல் போயிருந்தது. உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அரைக்க ஒன்றும் கிடையாது. காபி வராது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

எங்கள் வாசல் கேட்டின் கொக்கி கொஞ்சம் தகராறு. கதவை லேசாகத் தூக்கி, இடது பக்கம் தள்ளிப் பிடித்தால்தான் விழும். புதியவர்கள் திறந்தபடியே விட்டுப் போவார்கள், மாடு வந்துவிடும். அவன் நின்று, தூக்கி, தள்ளி, ஒரே தடவையில் போட்டுவிட்டுப் போனான்.